காணிச் சண்டையைக் கணினிக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

வன்னியில் அக்கராயன் பக்கம் ஒரு காணி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஏக்கர் வயல், அதோடு ஒட்டி ஒரு மேட்டுக்காணி, மேட்டுக்காணியில் ஒரு கிணறும் கொஞ்சத் தென்னையும் பழைய வீட்டின் அத்திவாரமும். காணியின் உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், ஒருவரின் பேரில் கிடக்கிறது, அவர் 1990 இல் வெளிக்கிட்டு அங்கே இங்கே அலைந்து கடைசியில் கனடாவில் இருந்துவிட்டார். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் வெளிக்கிட்டு 1996 இல் வந்த இன்னொருவர் அந்தக் காணியைத் துப்பரவாக்கி விதைக்கத் தொடங்கினார், கடைசி யுத்தத்தில் எல்லோரையும் போல விட்டு ஓடி, முகாமிலிருந்து திரும்பி வந்து மறுபடியும் அதையே செய்கை பண்ணுகிறார். இப்போது உறுதிக்காரர் வந்து காணியைக் கேட்கிறார்.

ஆட்களும் காணியும் கற்பனைதான், ஆனால் இதே மாதிரி ஒரு கதை தெரியாத குடும்பம் வன்னியில் இருக்குமா என்பது சந்தேகம். செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்கள் நாற்பது வருடத்துக்கு மேலாகச் செய்துவரும் ஒரு வேலையை இந்தக் காணியை வைத்து விளக்கப் பார்க்கிறேன்: இரண்டு பேர் சட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு பேரம் பேசுவதை ஒரு கணினி நிரலாக எழுத முடியுமா, முடியுமென்றால் எதுவரை முடியும். (உண்மையான காணிப் பிரச்சினை இருப்பவர்கள் தயவுசெய்து ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். இந்தக் கட்டுரையை வைத்து வழக்குப் பேசாதீர்கள்.)

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான தகராறுகள் தீர்ப்பு வரைக்கும் போவதில்லை, பேசித்தான் முடிகின்றன, ஆனால் பேசும்போது இரண்டு பேருடைய மண்டைக்குள்ளும் "கோட்டுக்குப் போனால் என்ன நடக்கும்" என்ற கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ரொபர்ட் நூக்கின், லூயிஸ் கோர்ன்ஹவுசர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1979 இல் விவாகரத்துப் பேச்சுகளைப் பற்றி எழுதியபோது இதைச் சட்டத்தின் நிழலில் நடக்கும் பேரம் என்றார்கள். ஆகவே நிரலுக்கு இரண்டு வேலை இருக்கிறது. நீதிமன்றம் என்ன சொல்லக்கூடும் என்று பார்ப்பது ஒன்று, அது தர்க்கத்தின் வேலை. அந்த ஊகத்தை வைத்து இருவரும் எங்கே உடன்படக்கூடும் என்று பார்ப்பது மற்றது, அது கணக்கின் வேலை. இந்த இரண்டும் ஒட்டும் இடம்தான் சுவாரசியமானது, அதனால் அங்கே கொஞ்சம் கூடுதலாக நிற்கப் போகிறேன்.

சட்டத்தைத் தர்க்கமாக எழுதலாம் என்பது பழைய யோசனை. 1986 இல் மாரெக் செர்கொட், ரொபர்ட் கொவால்ஸ்கி முதலானவர்கள் பிரித்தானியக் குடியுரிமைச் சட்டத்தின் பெரும் பகுதியை ப்ரோலொக் என்ற கணினி மொழியில் எழுதிக் காட்டினார்கள். இன்னின்ன நிபந்தனை இருந்தால் இவர் பிரஜை, இல்லாவிட்டால் இல்லை, அந்தக் கணக்கு. ஆனால் தகராறு என்று வந்துவிட்டால் சட்டம் அப்படி நேராக ஓடாது. சாதாரணத் தர்க்கத்தில் ஒன்றை நிறுவிவிட்டால் நிறுவியதுதான், பிறகு எத்தனை புதுத் தகவல் வந்தாலும் அது கலையாது. வழக்கில் தலைகீழ். காலையில் வென்ற வாதத்தை மத்தியானம் வந்த ஒரு சாட்சி கவிழ்த்துவிடுவார்.

எங்கள் காணியையே பாருங்கள். உறுதி இருப்பவருக்குக் காணி என்பது பொது விதி. ஆனால் இலங்கையின் 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒருவர் பத்து வருடம் இடையறாமல், தனக்கே உரியது என்ற மாதிரி, வேறொருவரின் உரிமையை ஏற்றுக்கொள்ளாமல் ஆண்டிருந்தால் காணி அவருக்குப் போகலாம். அது விதிக்கு ஒரு விலக்கு. அப்புறம் 2016 இல் 5 ஆம் இலக்கச் சட்டம் என்று ஒன்று வந்தது. ஆயுதக் குழுவின் நடவடிக்கைகளால் தன் காணிக்குப் போக முடியாமல், வழக்கும் போட முடியாமல் இருந்தவர்களுக்கு எதிராக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றது. அது விலக்குக்கு விலக்கு. அதற்கும் ஒரு விலக்கு: அந்தச் சலுகையைப் பயன்படுத்தி வழக்குப் போட இரண்டு வருட அவகாசம்தான் இருந்தது.

இப்படிச் சட்டம் சட்டத்தை வெட்டிக்கொண்டு போவதைக் கணினிக்குள் கொண்டுவர மிக எளிய வழி ஒன்றை பான் மின் டங் என்ற வியட்நாமிய ஆய்வாளர் 1995 இல் கொடுத்தார். வாதத்துக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதை ஒரு பக்கம் வைத்துவிடுங்கள் என்றார். ஒவ்வொரு வாதமும் ஒரு புள்ளி. ஒரு வாதம் இன்னொன்றைத் தாக்கினால் ஓர் அம்பு. அவ்வளவுதான் படம். யாரும் தாக்காத வாதம் நிற்கும். நிற்கும் வாதம் எதைத் தாக்குகிறதோ அது விழும். தன்னைத் தாக்கிய எல்லாமே விழுந்துவிட்டால் அந்த வாதம் எழும்பி நிற்கும். மாற்றம் எதுவும் வராத வரைக்கும் இதையே திருப்பித் திருப்பிச் செய்ய வேண்டும்.

எங்கள் இரண்டு பேரையும் பேச விடுவோம். உறுதிக்காரர் தொடங்குகிறார், "தம்பி, உறுதி என்ரை பேரிலை கிடக்கு." இது க. செய்கைக்காரர் சொல்கிறார், "அண்ணை, தொண்ணூற்றாறிலையிருந்து நான்தானே செய்யிறன், பத்து வரியம் எப்பவோ முடிஞ்சுது." இது ச, இது க வைத் தாக்குகிறது. உறுதிக்காரர் 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுக்கிறார், அது ட, ட வின் அம்பு ச மேல். செய்கைக்காரர் விடவில்லை: அந்த இரண்டு வருடத்துக்குள் நீங்கள் வழக்குப் போடவில்லையே. அது த, ட வைத் தாக்குகிறது. பிறகு உறுதிக்காரர் ஒரு பழைய சங்கதியை இழுக்கிறார்: "நீ என்னட்டைக் கேட்டுத்தானே இறங்கினனி, வரியம் வரியம் எங்கடை அக்கா வீட்டை ஒரு மூட்டை நெல்லுக் குடுத்தனிதானே." இது ப. இதன் அம்பு மறுபடி ச மேல், அதுவும் நல்ல கூரான அம்பு, ஏனென்றால் 1871 ஆம் ஆண்டுச் சட்டம் வாடகையோ விளைபொருளோ கொடுத்து இன்னொருவரின் உரிமையை ஏற்றுக்கொண்டவரின் ஆட்சியைக் கணக்கில் எடுக்காது.

இப்போது கூட்டிப் பாருங்கள். த வை யாரும் தாக்கவில்லை, அது நிற்கிறது. ஆகவே ட விழுகிறது. ப வையும் யாரும் தாக்கவில்லை, நிற்கிறது. ஆகவே ச விழுகிறது. ச விழுந்தால் க வைத் தாக்க ஆளில்லை, உறுதிக்காரர் வென்றார். இங்கே கவனிக்க வேண்டியது, அவர் பெரிதாக நம்பியிருந்த 2016 ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்கு ஒன்றும் உதவவில்லை, அந்த நெல் மூட்டைதான் அவரைக் காப்பாற்றியது. ஆட்கள் சபையில் மணித்தியாலக் கணக்காகச் சத்தம் போடும் வாதமும், முடிவு உண்மையில் தொங்கிக்கொண்டிருக்கும் வாதமும் வேறு வேறாக இருக்கும் என்பதை இந்தப் படம் முகத்துக்கு நேரே காட்டிவிடும். இந்த முறையில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

(முகாமில் இருந்த காலத்தில் ஆட்சி அறுந்துபோனதா, "விரும்பியே போனனாங்கள்?" என்றால் அது பதிலாகுமா, திரும்பி வந்த பிறகு கழிந்த வருடங்களை மட்டும் எண்ணினாலே போதுமா என்று இன்னும் நாலைந்து புள்ளி வைக்கலாம். படம் சிலந்தி வலையாகிவிடும், அதனால் விடுகிறேன்.)

சரி, செய்கைக்காரர் ஆறாவது வாதம் ஒன்றைக் கொண்டுவருகிறார். நெல் கொடுத்ததற்கு எழுத்தில் ஒன்றும் இல்லை, சாட்சி சொல்லும் அக்கா உங்கள் சொந்த அக்கா, அந்த நெல்லும் அவர் எனக்குத் தந்த விதைநெல்லுக்குப் பதில். இது ம. ம நின்றால் ப விழும், ச எழும்பும், க விழும், காணி கைமாறிவிடும். ஆனால் உறுதிக்காரரும் திருப்பித் தாக்குவார்: விதைநெல் தந்ததற்கு மட்டும் எழுத்து எங்கே? இப்போது ப வும் ம வும் ஒன்றையொன்று தாக்குகின்றன. டங்கின் கணக்கில் மிக எச்சரிக்கையான முறையைப் பிடித்தால் பதில் "தெரியாது": த மட்டும் நிற்கிறது, ட மட்டும் விழுகிறது, மற்றதெல்லாம் அந்தரத்தில். கொஞ்சம் துணிச்சலான முறையைப் பிடித்தால் இரண்டு பதில் வரும். ஒன்றில் ப, க இரண்டும் த வோடு நிற்கும், மற்றதில் ம, ச இரண்டும் த வோடு நிற்கும். இரண்டுமே தனக்குள் முரண் இல்லாத முழுக் கதைகள்.

தர்க்கம் இங்கே கையை விரித்துவிட்டது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே ஒரு கதைதான் நிற்கிறது என்றால் தோற்கப் போகிறவரோடு பேரம் பேச மற்றவருக்கு என்ன அவசியம்? இரண்டு கதையும் நிற்கும்போதுதான் பேசுவதற்கு இடம் இருக்கிறது, முடிவு எதில் தொங்கிக்கொண்டு நிற்கிறது என்பதும் தெரிந்துவிட்டது.

இனிக் கணக்கு. காணியின் பெறுமதி நாற்பது இலட்சம் என்றும் வழக்குக்கு ஆளுக்கு நாலு இலட்சம் செலவென்றும் வைப்போம், கணக்குக்காகப் போட்ட இலக்கங்கள். இருவருமே தனக்கு வெல்ல நூற்றுக்கு ஐம்பத்தைந்து சந்தர்ப்பம் என்று நினைத்தால், வழக்கிலிருந்து ஒவ்வொருவரும் எதிர்பார்ப்பது இருபத்திரண்டு இலட்சத்தில் செலவு நாலைக் கழிக்கப் பதினெட்டு. இரண்டு பதினெட்டு முப்பத்தாறு. காணியோ நாற்பது. மிச்சம் நாலு இலட்சம்தான் பேச்சுவார்த்தைக்கு இருக்கும் இடம், அதை எப்படிப் பங்கிட்டாலும் வழக்குப் போவதைவிட இருவருக்கும் இலாபம். இருவரும் அறுபது என்று நினைத்தால் ஆளுக்கு இருபது, கூட்டினால் நாற்பது, இடமே இல்லை. எழுபது என்று நினைத்தால் ஆளுக்கு இருபத்துநாலு, கூட்டினால் நாற்பத்தெட்டு, இல்லாத எட்டு இலட்சத்துக்கு இரண்டு பேரும் அடிபட வேண்டியதுதான். ஆக, பேச்சு முறிவதற்குப் பகை இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, இரண்டு பக்கமும் தன்னைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாக நம்பினாலே போதும்.

இங்கேதான் இரண்டு பாதியும் ஒட்டுகின்றன. அந்த எழுபது எங்கிருந்து வந்தது? தேத்தண்ணிக் கடையில் யாரோ சொன்னது, இன்னார் வென்ற கதை, கனடாவிலிருந்து மச்சான் தொலைபேசியில் கொடுத்த தைரியம். எங்கள் மத்தியஸ்த சபைகளில், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டப்படி, சட்டத்தரணிகள் யாருக்காகவும் தோன்ற முடியாது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் தன் வழக்கின் பலவீனத்தை ஆளுக்குச் சொல்ல அந்த மேசையில் யாரும் இல்லாமலும் போகலாம். அம்புகள் போட்ட படம் அந்த வேலையைச் செய்யும். "உங்கள் முழு வழக்கும் அக்காவின் சாட்சியில் தொங்குகிறது" என்று காட்டினால் எழுபது ஐம்பத்தைந்துக்கு இறங்கலாம், இறங்கினால் இல்லாத இடம் உண்டாகும். வழக்கில் வெல்லச் செய்யும் ஏஐ என்று விளம்பரம் பண்ணுகிறவர்கள் நேர் எதிர்த் திசையில் ஓடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

அந்த நாலு இலட்சத்தை யார் எவ்வளவு எடுப்பது? கணிதவியலாளர் ஜோன் நாஷ் 1950 இல் கொடுத்த விடையின்படி இங்கே சரிபாதி. பொருளியலாளர் ஏரியல் ரூபின்ஸ்டைன் 1982 இல் ஒருவர் கேட்க மற்றவர் மறுத்துத் திருப்பிக் கேட்கும் பேரத்தை எடுத்துக் கணக்குப் போட்டார், பொறுக்கக்கூடியவருக்குத்தான் கூடப் போகும் என்று வந்தது. இதை வன்னியில் யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. விமான ரிக்கெற் முடிய மூன்று கிழமை இருக்கும் உறுதிக்காரர் அவசரப்படுவார். அதே பேச்சு புரட்டாதிக் கடைசியில் நடந்தால், மழைக்கு முன் உழுது காலபோகத்துக்கு விதைக்க வேண்டியவருக்கு ஒவ்வொரு நாளும் நட்டம், அவர்தான் இறங்கி வருவார். சட்டம் ஒன்றும் மாறவில்லை, உறுதியும் சாட்சியும் அப்படியேதான், மாதம் மட்டும் மாறியிருக்கிறது.

இதுவரை காணியை ஒரே காசுத் தொகையாகப் பார்த்தோம். உண்மையில் இருவரும் ஒரே பொருளை ஒரே அளவுக்கு விரும்புவதில்லை. ஸ்டீவன் பிராம்ஸ், ஆலன் டெய்லர் என்ற இருவர் 1990களில் இதற்கு ஒரு அழகான வழி சொன்னார்கள். ஆளுக்கு நூறு புள்ளி கொடுங்கள், தங்களுக்கு எது எவ்வளவு முக்கியமோ அப்படிப் பிரித்துப் போடட்டும். உறுதிக்காரர் மேட்டுக்காணிக்கு 60 போடுகிறார், தகப்பன் கட்டிய வீட்டின் அத்திவாரம் அங்கே. வயலுக்கு 25, களத்தில் கிடக்கும் நாற்பது மூட்டை நெல்லுக்கு 15. செய்கைக்காரர் வயலுக்கு 60, நெல்லுக்கு 25, மேட்டுக்காணிக்கு 15. ஒவ்வொன்றையும் கூடப் புள்ளி போட்டவருக்கே முதலில் கொடுத்தால் செய்கைக்காரருக்கு 85, உறுதிக்காரருக்கு 60. இனிச் சமப்படுத்த வேண்டும். செய்கைக்காரரிடமுள்ள பொருட்களில் இருவரின் விருப்பமும் அதிகம் கிட்ட இருப்பது நெல், ஆகவே அதைத்தான் முதலில் நகர்த்த வேண்டும். இருபத்தைந்து மூட்டை உறுதிக்காரருக்கும் பதினைந்து மூட்டை செய்கைக்காரருக்கும் என்று பிரித்தால் இரண்டு பேரும் 69 புள்ளிக்குச் சற்று மேலே சமமாக வந்து நிற்கிறார்கள். வேண்டுமானால் ஒரு கடதாசியில் போட்டுப் பாருங்கள். பாதிபாதி என்று வெட்டியிருந்தால் ஆளுக்கு ஐம்பதுதான் கிடைத்திருக்கும்.

ஓட்டையும் உண்டு. மற்றவர் என்ன போடுவார் என்று தெரிந்தவர் பொய்ப்புள்ளி போட்டு ஏமாற்றலாம்.

இன்னொரு ஓட்டை பெரியது, அது நடைமுறையில்தான் வெளியே வந்தது. அவுஸ்திரேலியாவில் ஜோன் ஸெலெஸ்னிக்கோவும் கூட்டாளிகளும் முதலில் ஸ்பிளிட் அப் என்ற நிரலைச் செய்தார்கள், மணமுறிவில் சொத்து எப்படிப் பிரிக்கப்படும் என்று பழைய தீர்ப்புகளிலிருந்து கற்றுச் சொல்வது அது. பிறகு அவரும் எமிலியா பெலுச்சியும் ஃபமிலி வின்னர் என்று ஒன்றைச் செய்தார்கள், அது இந்தப் புள்ளிக் கணக்கின் வழியில் இருவரின் விருப்பத்தையும் வைத்துப் பங்கிடுவது. குடும்பச் சட்டத்தரணிகளிடம் அதைக் காட்டியபோது, இரண்டு பேருக்கும் திருப்தி என்பது சரி, ஆனால் அது சட்டப்படி நியாயமா, மேசையில் இல்லாத பிள்ளைகளின் நலன் எங்கே என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. விருப்பத்தை மட்டும் பார்க்கும் நிரல், பயந்து குறைவாகக் கேட்டவருக்குக் குறைவாகவே கொடுத்துவிட்டு இருவருக்கும் திருப்தி என்று எழுதிவிடும். அதனால் பிறகு வந்த நிரலில் சட்டம் எந்த விகிதத்தைச் சொல்கிறதோ அதை முதலில் உள்ளே வைத்து, அதற்குள்தான் விருப்பங்களை மாற்றிக்கொள்ள விட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் இதே பிரச்சினை வேறு உருவத்தில் வரும். இதுவரை உறுதிக்காணி என்று வைத்துப் பேசினோம். ஆனால் வன்னியின் குடியேற்றத் திட்டங்களில் நிறையக் காணி பேர்மிட் காணி, அதாவது 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப்பத்திரம் எழுதிக் கொடுத்தது. அதற்குப் பத்து வருட ஆட்சி என்ற கதையே எடுபடாது, ச என்ற புள்ளி படத்திலிருந்தே போய்விடும். இரண்டு பேரும் சிரித்த முகத்தோடு வயலை வெட்டிப் பிரிக்கச் சம்மதித்தாலும், பிரதேச செயலகம் சம்மதிக்காவிட்டால் அது வெறும் கடதாசி. ஆகவே பேரக் கணக்கைத் தொடங்க முன்பே, எந்த உடன்பாடுகள் சட்டப்படி செல்லும் என்பதைத் தர்க்கப் பகுதி வடிகட்டிக் கொடுக்க வேண்டும்.

சட்ஜிபிடி மாதிரி ஒன்றிடம் நேரே கேட்டால் என்ன என்று இப்போது எல்லோரும் கேட்பார்கள். கேட்கலாம், அழகாகக் கதைக்கும். 2023 இல் நியூயோர்க்கில் ஒரு விமான நிறுவன வழக்கில் சட்டத்தரணிகள் அது சொன்ன முன்தீர்ப்புகளை அப்படியே கோட்டில் கொடுத்துவிட, அவை உலகத்திலேயே இல்லாத தீர்ப்புகள் என்று தெரிந்து ஐயாயிரம் டொலர் தண்டம் கட்டினார்கள். அவசியமில்லாத இடத்தில் அதைப் போட்டதன் விளைவு அது. ஆனால் டங்கின் முறைக்கு எப்போதும் இருந்த ஒரு பெரிய குறை, வாதங்களை யாரோ ஒருவர் உட்கார்ந்து புள்ளியும் அம்புமாக்கிக் கொடுக்க வேண்டும் என்பது, ஆட்கள் அப்படிக் கதைப்பதில்லை, "எங்கடை அக்கா வீட்டை" என்றுதான் தொடங்குவார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு இதில் இத்தனை வாதம் இருக்கிறது, இது அதைத் தாக்குகிறது என்று பிரித்துத் தருவதில் இந்தப் புது நிரல்கள் உதவும். பிரித்ததை இரண்டு பக்கமும் பார்த்து "ஓம், நான் சொன்னது இதுதான்" என்று ஒப்புக்கொண்ட பிறகு, எது நிற்கும் எது விழும் என்ற கணக்கைப் பழைய தர்க்கத்திடமே விட்டுவிடலாம், அதற்குப் பொய் சொல்லத் தெரியாது.

செய்து பார்க்க விருப்பமுள்ளவர்களுக்கு: எஸ்டபிள்யூஐ ப்ரோலொக் இலவசம், இணைய உலாவியிலேயே ஓட்டலாம், வாதங்களை மேற்கோள் குறிக்குள் தமிழிலேயே எழுதலாம். மேலே உள்ள ஆறு வாதத்தையும் யார் யாரைத் தாக்குகிறார் என்பதையும் முதலில் எழுதுங்கள். ப, ம இரண்டும் ஒன்றையொன்று தாக்குவதால் விதியைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதினால் நிரல் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் நிற்பவை ஒரு பட்டியல், விழுந்தவை ஒரு பட்டியல் என்று வைத்து, இரண்டிலும் புதிதாக ஒன்றும் சேராதபோது நிறுத்துங்கள். சரியாக எழுதியிருந்தால் முதல் ஓட்டத்தில் த மட்டும்தான் நிற்கும். பிறகு அக்கா ஒரு பற்றுச்சீட்டைத் தேடி எடுத்துவிட்டதாக வைத்து, ம விலிருந்து ப வுக்குப் போகும் அம்பை மட்டும் அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.